ஒன்று நிற்க, இரண்டு போக

மோகனராஜும் கஜலட்சுமியும் ஒரு நாளைக்கு முந்நூறு தடவையாவது பேசிக்கொள்வார்கள். அதில் வாயைத் திறந்து பேசுவது பத்துத் தடவை இருந்தால் பெரிய காரியம். மீதியெல்லாம் மணிதான். ஒன்று அடித்தால் நிறுத்து. இரண்டு அடித்தால் எடு. வத்தேகமவிலிருந்து மடவளை, கட்டுகஸ்தோட்டை வழியாகக் கண்டிக்கு ஓடும் அவர்களுடைய பஸ்ஸில் கணவன் சாரதி, மனைவி நடத்துனர். வீட்டில் எவ்வளவு பெரிய சண்டை போட்டுவிட்டு வந்தாலும் காலை ஆறு இருபதுக்கு அவள் இரண்டு மணி கொடுப்பாள், அவன் வண்டியை எடுப்பான். தினமும் கந்தோர் வேலைக்குப் போய்வருகிறவர்கள் மணி விழுகிற விதத்தை வைத்தே இன்றைக்கு அக்கா சூடா, குளிரா என்று சொல்லிவிடுவார்கள்.

அவள் ஆசைப்பட்டு இந்த வேலைக்கு வந்தவள் இல்லை. பதினொரு வருஷத்துக்கு முன்னால் சம்பளத்துக்கு வைத்திருந்த நடத்துனன் ஒருவன், கறுப்பையா என்ற மரக்கறி வியாபாரி ஒரு காலை மிதிபலகையிலும் மற்றக் காலைத் தரையிலும் வைத்திருந்த நேரம் பார்த்து இரண்டு மணி அடித்துவிட்டான். கறுப்பையாவின் இடுப்பெலும்பு போனது. இன்றும் வத்தேகமச் சந்தையில் தடியை ஊன்றிக்கொண்டுதான் கத்தரிக்காய் நிறுக்கிறார். மோகனராஜ் நாலு நாள் பஸ்ஸைத் தொடவில்லை. சோறும் சரியாக இறங்கவில்லை. ஐந்தாம் நாள் அடுப்படிக்கு வந்து நின்று, "நீ வந்து பெல் அடி லெச்சுமி. உன் பெல்லுன்னா நான் கண்ண மூடிக்கிட்டு எடுப்பேன்" என்றான். கேட்கும்போது பெருமையான பேச்சாகத்தான் இருந்தது.

அன்றிலிருந்து அவளுக்கு இருந்தது ஒரே கவலை. தன் மணியால் ஒரு உயிருக்கும் கீறல் விழக்கூடாது. பின்கதவில் நின்று மிதிபலகையைப் பார்ப்பாள், தலையை வெளியே நீட்டி முன்கதவைப் பார்ப்பாள், சேலைத் தலைப்பு, குடைக்கம்பி, பிள்ளைகளின் விரல் எல்லாம் உள்ளே வந்துவிட்டதா என்று பார்ப்பாள், அதற்குப் பிறகுதான் கூரையோரத்து மணிப் பொத்தானுக்குக் கை போகும். முன்னால் இருக்கும் உலகம் அவனுடையது, பக்கத்திலும் பின்னாலும் இருப்பது அவளுடையது. பதினொரு வருஷம் இந்தப் பாகப்பிரிவினையில் ஒரு வழக்கும் வரவில்லை.

இந்த வருஷம் பொங்கல் கழிந்த கையோடு, கட்டுகஸ்தோட்டைப் பாலத்தைத் தாண்டிக் கண்டிப் பக்கம் வரும் இடத்தில், பள்ளிக்கூடத்துக்கு முன்னால் இருந்த பாதசாரிக் கடவைக்குக் கலர் லைட் போட்டார்கள். கடவையில் பூசியிருப்பது வெள்ளைக் கோடுதான். ஆனால் மஞ்சள் பூசிய காலத்துப் பெயர் ஒட்டிக்கொண்டதில் எல்லோருக்கும் அது இன்னும் மஞ்சக் கோடு. லைட் தன்பாட்டில் மாறாது. கடக்கப்போகிறவர் கம்பத்திலுள்ள பொத்தானை அழுத்த வேண்டும். கொஞ்ச நேரத்தில் வாகனங்களுக்குச் சிவப்பு விழும், நடக்கிறவருக்குப் பச்சை மனிதன் எரிவான்.

இவ்வளவு சின்ன விஷயத்தை இத்தனை விதமாகக் கெடுக்கலாம் என்று அதற்குப் பிறகுதான் ஊருக்குத் தெரிந்தது. ஒருத்தர் பொத்தானை அழுத்திவிட்டு, வீட்டு மின்விளக்கைப் போட்டவர் மாதிரி அடுத்த நொடியே தெருவில் இறங்குவார். இன்னொருத்தர் கதவைத் தட்டுகிற கடன்காரரைப் போல் பத்துத் தரம் குத்துவார். சிலர் அழுத்திவிட்டுப் பொறுக்க மாட்டாமல் இடைவெளி பார்த்து ஓடிவிடுவார்கள். அவர்கள் போய்ச் சேர்ந்த பிறகு சிவப்பு விழும், வெறும் கோட்டுக்கு முன்னால் நாற்பது வாகனம் நிற்கும். அந்த நேரம் மோகனராஜ் சொல்லும் வார்த்தைகளை இங்கே எழுத முடியாது. சாரதிமார் மட்டும் என்ன குறைச்சல்? பச்சை மனிதன் கண்சிமிட்டத் தொடங்கினால் போதும், கோட்டில் ஆள் இருந்தாலும் உறுமத் தொடங்கிவிடுவார்கள். மோட்டார் சைக்கிள்காரர்களுக்கோ நிற்கிற பஸ்ஸின் இடுக்கு என்பது தங்களுக்காகவே போட்ட பாதை.

கஜலட்சுமியும் முதல் கிழமை சலித்துக்கொண்டவள்தான். நுஹாவைப் பார்க்கும் வரைக்கும்.

நுஹாவுக்கு ஆறு வயசு. அவளும் உம்மா ரபீகாவும் பாலத்தடியில் குடியிருந்தார்கள். காலையில் இருவரும் நடந்து வந்து அந்தக் கோட்டைக் கடந்து பள்ளிக்கூடத்துக்குப் போவார்கள். பள்ளி விட்ட பிறகு இதே பஸ்ஸில் ஏறி, ரபீகா தையல் வேலை செய்யும் மடவளைக் கடைக்குப் போவார்கள். மடவளையில் இறங்கும்போது கஜலட்சுமி பிள்ளையைத் தூக்கிப் பிடிப்பாள், பிள்ளை மணிப் பொத்தானை அழுத்தும். ஒன்று நிற்க, இரண்டு போக என்ற கணக்கு நுஹாவுக்கு அரிச்சுவடிக்கு முன்னாலேயே பாடம். மணி கெட்டுப்போன நாட்களில் கஜலட்சுமி உள்ளங்கையால் பஸ்ஸின் தகரத்தில் தட்டுவாள். அதற்கும் அதே கணக்கு. கையால் தட்டினாலும் ஓட்டுகிற மாமா கேட்பாரா என்று பிள்ளை ஒருநாள் விசாரித்தது. கேட்பார் என்றாள் கஜலட்சுமி.

அப்படிப்பட்ட நுஹா ஒரு காலையில் கலர் லைட் கம்பத்தடியில் நிற்பதைக் கஜலட்சுமி பஸ்ஸிலிருந்து பார்த்தாள். பிள்ளை எட்டி, பொத்தானை ஒரே ஒரு தரம் அழுத்திவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றது. பின்னால் நின்ற பெரியவர் அவசரமாகக் கை நீட்டியபோது, நிற்கச் சொல்ல ஒன்று போதும் என்று தடுத்ததாகப் பிறகு ரபீகா சிரித்துக்கொண்டே சொன்னாள். சிவப்பு விழுந்தது. மோகனராஜ் பஸ்ஸை நிறுத்தினான். பக்கத்தில் மணல் லொறி நின்றது. எதிர்ப் பக்கம் குருநாகலுக்குப் போகிற பெரிய பஸ் நின்றது, அதன் பின்னால் முச்சக்கர வண்டிகளும் கார்களும் வரிசையாக நின்றன.

கண்டியில் தெரு நிற்பதை அவள் பார்க்காதவளா? பெரஹரா ஊர்வலத்துக்கு நிற்கும். சைரன் போட்டுக்கொண்டு யாராவது பெரிய மனுஷர் போனால் நிற்கும். மலை சரிந்தால் நிற்கும். ஆனால் தோளில் தண்ணீர்ப் போத்தல் தொங்க, வெள்ளைச் சப்பாத்து போட்ட ஒரு பிள்ளைக்காக, அது ஒரு விரலால் கேட்டதற்காக, இத்தனை இரும்பும் அடங்கி நிற்பதை அவள் கண்டதில்லை. எஞ்சின்கள் தணிந்த அந்த நேரத்தில் பாலத்துக்குக் கீழே மகாவலி ஓடும் சத்தம் கேட்டது. பதினொரு வருஷமாக அந்த வழியால் போகிறவள், ஆற்றுக்கு ஒரு சத்தம் இருக்கிறது என்பதை அன்றுதான் கேட்டாள்.

ரபீகா கடக்கிற விதமும் அவளுக்குப் பிடித்திருந்தது. பச்சை மனிதனை மட்டும் நம்புகிற ஆள் இல்லை ரபீகா. முதலில் நிற்கிற சாரதியின் முகத்தைப் பார்ப்பாள். அவன் தன்னைப் பார்த்துவிட்டான் என்று தெரிந்த பிறகே கால் வைப்பாள். பஸ்ஸைத் தாண்டும் இடத்தில் ஒரு கணம் நின்று, அந்தப் பக்கத்து இடுக்கில் மோட்டார் சைக்கிள் வருகிறதா என்று எட்டிப் பார்ப்பாள். மோகனராஜ் தினமும் ஸ்டியரிங்கிலிருந்து இரண்டு விரலைத் தூக்கிக் காட்டுவான். அதுதான் அவர்களுக்குள் வணக்கம்.

எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோது பயணிகள் ஒரு வழியைக் கண்டுபிடித்தார்கள். பஸ் நிற்கிற ஹோல்ட் வரை போய், திரும்ப அவ்வளவு தூரம் நடந்து வருவானேன்? சிவப்புக்கு பஸ் நிற்கிறதுதானே, அங்கேயே இறங்கிவிடலாம். முதலில் ஒருத்தர், பிறகு நாலு பேர், பிறகு பள்ளிக்கூடத்து ஆசிரியைமார் எல்லோரும். கஜலட்சுமி முதலில் முறைத்தாள். அப்புறம் கதவைத் திறந்துவிட்டாள். இறங்கி முடிந்ததும் சும்மா இருக்கவும் அவளுக்கு வரவில்லை. மிதிபலகையில் ஆள் இல்லை என்று கண்டால் கை தானாக இரண்டு மணி கொடுத்துவிடும். இறங்கியாச்சு என்றுதான் அவள் மணியால் சொன்னாள். லைட்டை அவன் பார்த்துக்கொள்வான் என்று நினைத்தாள். அவனும் பல நாள் பார்த்துக்கொண்டான்.

ஐப்பசி மாசத்து ஒரு புதன்கிழமை. விடியும்போதே பிடித்த மழை. கண்ணாடியெல்லாம் மூடி, அறுபது பேரின் மூச்சில் பஸ்ஸுக்குள் புகைபோல் ஆவி மூடிக் கிடந்தது. பாலத்தைத் தாண்டியதும் சிவப்பு. பஸ் கோட்டில் நின்றது. பின்கதவால் ஏழெட்டுப் பேர் குடையை விரித்துக்கொண்டே இறங்கினார்கள். கடைசியாக இறங்கிய ஆசிரியையின் சேலை நுனி கதவில் மாட்டியதைக் கஜலட்சுமி எடுத்துவிட்டாள். மிதிபலகை சுத்தம். முன்கதவு சுத்தம். இரண்டு மணி கொடுத்தாள்.

பஸ் நகர்ந்தது. ஒரு முழம் இருக்கும், அவ்வளவுதான். அதற்குள் முன்பக்கத் தகரத்தில் 'தப்' என்று ஒரு தட்டு விழுந்தது. பஸ் அப்படியே குந்தி நின்றது. நின்றவர்களெல்லாம் ஒருத்தர்மேல் ஒருத்தர் சாய்ந்து நிமிர்ந்தார்கள்.

யாரோ முன்னால் இறங்கக் கேட்கிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தாள். ஆனால் தட்டு வெளியிலிருந்து வந்தது. பழக்கத்தில் அவள் காது இரண்டாவது தட்டுக்காகக் காத்திருந்தது. அது வரவில்லை. முன்சீட்டில் இருந்த பெண் ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டு எழுந்து நின்றதைக் கண்டதும் கஜலட்சுமி பின்கதவை விட்டு நகர்ந்தாள். ஆட்களை விலக்கிக்கொண்டு முன்னே போனாள். கண்ணாடி வழியாக வெறும் ரோட்டும் மழையும் தெரிந்தன. ஒரு மஞ்சள் குடை தெருவின் நடுவில் கிடந்து உருண்டது. மோகனராஜ் பிரேக்கை ரோட்டுக்குள் இறக்கிவிடப்போகிறவன்போல் மிதித்துக்கொண்டிருந்தான். அவள் முன்கதவால் குதித்தாள்.

பஸ்ஸின் இடது மூலையில், முன்கண்ணாடிக்குக் கீழே உள்ளிருந்து தெரியாத இடத்தில், நுஹா நின்றிருந்தாள். இடது கையில் தண்ணீர்ப் போத்தல். வலது கை தகரத்தில், ஐந்து விரலும் விரிந்து, எடுக்காமல் அப்படியே இருந்தது. பம்பருக்கும் பிள்ளையின் நெஞ்சுக்கும் நடுவில் ஒரு சாண்.

நடந்தது என்ன என்பது அவளுக்கு அங்கேயே விளங்கிவிட்டது. தோளில் இருந்த போத்தல் வார் அறுந்து உருண்டு பஸ்ஸடிக்கு வந்திருக்கிறது. மழையில் நனைந்த கை உம்மாவின் பிடியிலிருந்து வழுக்கிவிட்டது. பிள்ளை இரண்டெட்டுத் திரும்பி வந்து குனிந்திருக்கிறது. ரபீகாவின் குடை தாண்டிப் போனதைக் கண்ட மோகனராஜ் குடைக்கடியில் இரண்டு பேரும் போய்விட்டதாக நினைத்துக்கொண்டான். அந்த நேரம் பார்த்து மணி வந்தது. கண் லைட்டுக்குப் போவதற்கு முன் மணியின் பேச்சைக் கால் கேட்டுவிட்டது. உன் பெல்லுன்னா கண்ண மூடிக்கிட்டு எடுப்பேன் என்று சொன்னவன் சொன்னபடி செய்திருக்கிறான். பதினொரு வருஷம் யாருக்கும் கீறல் விழக்கூடாது என்று பொத்திப் பொத்தி வைத்த அந்த மணிதான் பஸ்ஸை இந்தப் பிள்ளைமேல் ஏவியது.

"ஆன்ட்டி, நான் ஒரு தட்டுத்தான் தட்டின" என்றாள் நுஹா. குரலில் பயம் இல்லை. கண் மட்டும் அகலமாக விரிந்திருந்தது. "மாமாக்குக் கேட்டிச்சி. பஸ் நிண்டுட்டு."

அவ்வளவு பெரிய பஸ், உள்ளே அறுபது பேர், இறக்கத்தில் நிற்கிற பாரம், அத்தனையும் அந்தக் கைக்கு நின்றிருந்தது. பட்டாம்பூச்சி உட்கார்ந்தால் முழுசாக மறைத்துவிடக்கூடிய கை. அவளுக்குக் கும்பிட வேண்டும்போல் இருந்தது. யாரை என்று தெரியவில்லை. மழையில் முழங்காலிட்டு அந்தக் கையைத் தகரத்திலிருந்து எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். அது சூடாக இருந்தது.

குடையைப் போட்டுவிட்டு ஓடி வந்த ரபீகா பிள்ளையை இழுத்து நெஞ்சோடு சேர்த்தாள். தலையிலிருந்து கால்வரை தடவிப் பார்த்தாள். அவள் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கம்பத்தை அண்ணாந்து பார்த்துவிட்டுக் கஜலட்சுமியிடம் சொன்னாள்:

"அக்கா, லைட் இன்னம் சிவப்புதானே ஈக்கி."

அவள் சொல்லி முடிக்கவும் அது பச்சைக்கு மாறவும் சரியாக இருந்தது. பின்னால் ஹோர்ன்கள் தொடங்கின. கோட்டில் இன்னும் தாயும் மகளும் நிற்கிறார்கள். கஜலட்சுமி எழுந்து, தெருவுக்கு நடுவில் போய், இரண்டு கையையும் அகல விரித்துக்கொண்டு நின்றாள். பஸ்ஸின் வலப்பக்க இடுக்கால் ஒரு மோட்டார் சைக்கிள் முண்டியது. மோகனராஜ் ஜன்னலால் கையை நீட்டி, உள்ளங்கையை விரித்துக் காட்டினான். மோட்டார் சைக்கிள்காரன் காலை ஊன்றி நின்றான். அவனைப் பார்த்துப் பின்னால் வந்த லொறி நின்றது. எதிர்ப் பக்கத்தில் கிளம்பியிருந்த காரும் நின்றது. ஒவ்வொரு ஹோர்னாக அடங்கியது. பச்சை எரிந்துகொண்டிருக்க, கட்டாயப்படுத்த ஒரு விளக்கும் இல்லாமல், தெரு முழுக்க மழையில் காத்து நின்றது. ரபீகா குடையை எடுத்துக்கொண்டு பிள்ளையின் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தபடி மறுபக்கம் போய்ச் சேர்ந்தாள். மகாவலியின் சத்தம் அன்றைக்கும் கேட்டது. வெள்ளம் கலந்து கனத்த சத்தம்.

கஜலட்சுமி நனைந்த சேலையோடு முன்கதவால் ஏறினாள். மோகனராஜின் கால் இன்னும் பிரேக்கில்தான் இருந்தது.

"பெல் நான் குடுத்ததுங்க" என்றாள்.

"பாக்காம எடுத்தது நாந்தானே."

அவன் பச்சையைப் பார்த்துக்கொண்டு, மணிக்காகக் காத்திருந்தான். அவள் முன்கதவோரக் கூரையில் இருந்த பொத்தானுக்குக் கையைக் கொண்டுபோனாள். விரல் பொத்தானில் இருந்தது, ஆனால் அழுத்த வரவில்லை. இனி எந்த மணியைக் கொடுத்தாலும் அதற்கு முன்னால் ஒரு பிள்ளை நிற்கும்போல் இருந்தது. இறங்கிப் போய்விடலாமா, இந்த வேலையே வேண்டாமா என்றுகூட மனம் ஓடியது. இடுக்கில் நின்ற மோட்டார் சைக்கிள் சுற்றிக்கொண்டு போனது. லொறியும் போனது.

மறுபக்க நடைபாதையில், குடைக்கடியில், நுஹா திரும்பி நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். பஸ் ஏன் போகவில்லை என்று அவளுக்குப் புரியவில்லை போலும். கொஞ்சம் யோசித்தாள். பிறகு கலர் லைட் கம்பத்துக்குப் போய், பொத்தானைத் தொடாமல், கம்பத்தின் வயிற்றில் உள்ளங்கையால் தட்டினாள். ஒன்று. இரண்டு. தட்டிவிட்டு, போகலாம் என்று கையை வீசிக் காட்டினாள்.

மழையில் சத்தம் கேட்கவில்லை. ஆனால் பஸ்ஸின் முன்பாதியில் இருந்த எல்லோரும் அதைப் பார்த்தார்கள். மோகனராஜும் பார்த்தான். பதினொரு வருஷத்தில் முதல் தடவையாக, இரண்டு விழுந்த பிறகும் அவன் கால் அசையவில்லை. கழுத்தைத் திருப்பி மனைவியைப் பார்த்தான்.

"முன்னுக்கு நான் பாத்துட்டேன் லெச்சுமி. நீயும் ஒருக்கா பாரு."

கஜலட்சுமி கண்ணாடியில் முகம் படும்வரை குனிந்து இடது மூலையைப் பார்த்தாள். கோட்டைப் பார்த்தாள், இந்தக் கரையிலிருந்து அந்தக் கரை வரைக்கும். பிறகு லைட்டைப் பார்த்தாள். கடைசியில் நுஹாவைப் பார்த்தாள். உம்மாவின் கையைப் பிடித்தபடி பள்ளிக்கூடத்து வாசலுக்குள் நுழைந்துகொண்டிருந்தாள்.

"பாத்துட்டேங்க" என்றாள்.

அதற்குப் பிறகுதான் இரண்டு மணி கொடுத்தாள்.